கிராஃபிக்ஸ் அட்டையின் பெயரும் அதன் நினைவகமும்

என்விடியா நிறுவனம் 2016 ஜூலையில் வெளியிட்ட ஜி.டி.எக்ஸ். 1060, விளையாட்டுக் கணினிகளில் மிகப் பரவலாக இடம்பிடித்த கிராஃபிக்ஸ் அட்டைகளுள் ஒன்று. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் மாதந்தோறும் நடத்தும் கணக்கெடுப்பில் அது பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்து, 2022இன் இறுதியில்தான் அதே நிறுவனத்தின் ஜி.டி.எக்ஸ். 1650க்கு இடம்விட்டது. அந்த அட்டையின் காலம் இப்போது இரண்டு வழிகளில் முடிந்துகொண்டிருக்கிறது. அட்டையையும் இயங்குதளத்தையும் இணைத்துவைக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். புதிய விளையாட்டுகளுக்கு ஏற்ப அதைத் திருத்தித் தரும் பணியைப் 1060 அடங்கிய பத்தாம் வரிசை அட்டைகளுக்கு 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொள்வதாகவும், 2028 அக்டோபர் வரை காலாண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தருவதாகவும் என்விடியா அறிவித்தது. மறுபுறம், 2024 டிசம்பரில் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்’, 2025 மே மாதத்தில் வந்த ‘டூம்: த டார்க் ஏஜஸ்’ ஆகிய விளையாட்டுகள், ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் ரே டிரேசிங் முறைக்கான தனிச் சுற்றுகள் அட்டையில் இருந்தே ஆகவேண்டும் என்று நிபந்தனை விதிக்கின்றன. 1650, 1660 ஆகிய அட்டைகளுக்கு டிரைவர் ஆதரவு தொடர்ந்தாலும், அந்தச் சுற்றுகள் அவற்றிலும் இல்லை. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் கணினி வாங்கியவர்களுள் பலர் இப்போது அட்டையை மாற்றும் கட்டாயத்துக்கு வந்திருப்பதன் காரணம் இதுதான்.

கணினித் திரையில் தெரியும் படம் லட்சக்கணக்கான புள்ளிகளால் ஆனது. அப்புள்ளி ஒவ்வொன்றுக்கும் என்ன நிறம், எவ்வளவு ஒளி என்பதை நொடிக்குப் பல பத்து முறை புதிதாகக் கணக்கிட வேண்டும். ஒரே வகையான சிறு கணக்குகளைப் பல்லாயிரம் எண்ணிக்கையில் ஒரே நேரத்தில் செய்யும்படி அமைக்கப்பட்ட சில்லு கிராஃபிக்ஸ் செயலி எனப்படும். அந்தச் செயலியையும், அதற்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட நினைவகத்தையும், மின்சாரத்தைச் சீராக்கும் சுற்றுகளையும், வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகளையும் விசிறிகளையும் ஒன்றாகத் தாங்கியிருப்பதே கிராஃபிக்ஸ் அட்டை. இந்தச் செயலிகளை வடிவமைக்கும் பெரிய நிறுவனங்கள் என்விடியா, ஏ.எம்.டி., இண்டெல் என மூன்றுதான். கடைகளில் காணப்படும் ஆசுஸ், எம்.எஸ்.ஐ., ஜிகாபைட், சோட்டாக், சஃபயர் முதலியவை அச்செயலிகளை வாங்கி அட்டையாக்கி விற்கும் நிறுவனங்கள். ஆதலால் ஒரே செயலி கொண்ட அட்டைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேகத்தில் மிகச் சிறிதளவே வேறுபடுகின்றன. வேறுபாடு பெரும்பாலும் இரைச்சலிலும் வெப்பத்திலும் உத்தரவாதச் சேவையிலும்தான் இருக்கிறது. இரண்டு விசிறிக்கு மூன்று விசிறி, அதற்கு மேல் வண்ண விளக்கு என்று ஏறிச்செல்லும் விலையைக் கொண்டு அடுத்த நிலைச் செயலியையே வாங்கிவிட முடியும் என்றால், அதை வாங்குவதுதான் முறை.

தேர்வு தொடங்கவேண்டிய இடம் அட்டை அன்று, அது படம் அனுப்பப்போகும் திரை. 1080பி எனப்படும் 1920×1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. 1440பி எனப்படும் 2560×1440 திரையில் 36.9 லட்சமும், 4கே எனப்படும் 3840×2160 திரையில் 82.9 லட்சமும் உள்ளன. 1080பியிலிருந்து 1440பிக்கு மாறும்போது அட்டையின் வேலை முக்கால் பங்கு கூடுகிறது; 4கேக்கு மாறினால் நான்கு மடங்காகிறது. இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது. ஒருமுறை வரையப்படும் முழுப் படத்துக்கு பிரேம் என்று பெயர். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரைக்கு ஒரு பிரேமை வரைந்து முடிக்க 16.7 மில்லிநொடி கிடைக்கிறது. 144 முறை புதுப்பிக்கும் திரைக்கு 6.9 மில்லிநொடிதான். 60 முறை மட்டுமே புதுப்பிக்கும் பழைய 1080பி திரையை வைத்துக்கொண்டு நொடிக்கு 140 பிரேம் வரையும் அட்டையை வாங்குபவர், கண்ணுக்கு எட்டாத படங்களுக்கும் சேர்த்துப் பணம் செலுத்துகிறார். அத்தகையவருக்குச் செலவைப் பிரித்து, சற்றே எளிய அட்டையும் நல்ல திரையும் வாங்குவது கூடுதல் பயன் தரும்.

நடுத்தர விலை என்பது அமெரிக்க அறிமுக விலையில் ஏறத்தாழ 250 முதல் 450 டாலர் வரையிலான வகையைக் குறிக்கிறது. இவ்வகையில் 2024 இறுதி முதல் 2025 நடுப்பகுதி வரை வந்தவை சில. இண்டெலின் ஆர்க் பி580, 12 ஜிகாபைட் நினைவகத்தோடு 249 டாலருக்கு 2024 டிசம்பரில் வந்தது. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. 2025 ஏப்ரலில் இரு வடிவங்களில் வந்தது: 8 ஜிகாபைட் உடையது 379 டாலர், 16 ஜிகாபைட் உடையது 429 டாலர். அடுத்த மாதம் 8 ஜிகாபைட் மட்டுமே கொண்ட ஆர்.டி.எக்ஸ். 5060, 299 டாலருக்கு வந்தது. ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. ஜூனில், 8 ஜிகாபைட் 299 டாலர், 16 ஜிகாபைட் 349 டாலர் என்று அதுவும் இரு வடிவங்களில் வந்தது. 2023இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060, ஆர்.எக்ஸ். 7600 ஆகியவையும், 2021இல் வந்த 12 ஜிகாபைட் ஆர்.டி.எக்ஸ். 3060உம் இருப்பு உள்ள இடங்களிலும் பழைய பொருள் சந்தையிலும் இவற்றோடு போட்டியிடுகின்றன.

இந்தப் பட்டியலில் வாங்குபவரை மிகவும் குழப்புவது, ஒரே பெயரில் 8, 16 என இரு நினைவக அளவுகள் இருப்பதுதான். 12 ஏன் இல்லை என்ற கேள்விக்கான விடை அட்டையின் கட்டமைப்பில் இருக்கிறது. நினைவகச் சில்லு ஒவ்வொன்றும் 32 பிட் அகலமுள்ள பாதை வழியே செயலியோடு இணைகிறது. 5060 டி.ஐ., 9060 எக்ஸ்.டி. ஆகிய இரண்டின் செயலிகளும் 128 பிட் அகலப் பாதையோடு வடிவமைக்கப்பட்டவை. எனவே நான்கு சில்லுகளுக்கே நேரடி இணைப்பு உண்டு. பரவலாகக் கிடைக்கும் சில்லு ஒன்றின் கொள்ளளவு 2 ஜிகாபைட் ஆதலால், நான்கும் சேர்ந்து 8 ஜிகாபைட் ஆகின்றன. அளவைக் கூட்ட வேண்டுமென்றால், ஒரே பாதையை இரண்டு சில்லுகள் பகிர்ந்துகொள்ளும்படி செய்து எட்டுச் சில்லுகளைப் பொருத்தலாம். அப்போது 16 ஆகிறது. பி580, 3060 ஆகியவற்றின் பாதை 192 பிட் அகலமுடையது என்பதால் ஆறு சில்லுகள் பொருந்தி, 12 ஜிகாபைட் கிடைக்கிறது. செயலியை வடிவமைக்கும்போதே பாதையின் அகலம் முடிவாகிவிடுகிறது. அகலம் கூடினால் சில்லின் பரப்பும் செலவும் கூடும். 8 ஜிகாபைட் அட்டை இன்னும் விற்கப்படுவது பொறியியல் கட்டாயத்தால் அன்று, அந்தச் செலவைக் குறைக்கும் வணிக முடிவால்.

நினைவகத்தில் இருப்பவை எவை என்று பார்த்தால் அதன் முக்கியத்துவம் விளங்கும். சுவரின் காரை, துணியின் நெசவு, முகத்தின் தோல் என்று விளையாட்டில் தெரியும் பரப்புகளின் மேல் ஒட்டப்படும் படங்கள், டெக்ஸ்சர் எனப்படுபவை, அங்கே மிகுந்த இடத்தைப் பிடிக்கின்றன. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4இல் மொத்தமே 8 ஜிகாபைட் நினைவகம்தான். அதற்கும் சேர்த்து விளையாட்டுகளைப் படைத்த காலத்தில், கணினி அட்டைக்கு 4 அல்லது 6 ஜிகாபைட் போதுமானதாக இருந்தது. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகியவை 16 ஜிகாபைட்டை மையச் செயலியும் கிராஃபிக்ஸ் செயலியும் பகிர்ந்துகொள்ளும் முறையில் வந்தன. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பழைய இயந்திரங்களுக்கும் சேர்த்தே விளையாட்டுகள் வந்ததால் மாற்றம் தெரியவில்லை. 2023 பிப்ரவரியில் ‘ஹாக்வார்ட்ஸ் லெகசி’யும் மார்ச்சில் ‘த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ இன் கணினி வடிவமும் வந்தபோது, 8 ஜிகாபைட் அட்டைகள் உயர் அமைப்புகளில் திணறியது வெளிப்படையாகத் தெரிந்தது. பின்னர் வந்த திருத்தங்கள் சிலவற்றைச் சரிசெய்தன என்றாலும், விளையாட்டுகளின் தேவை மேல்நோக்கியே சென்றுகொண்டிருக்கிறது.

நினைவகம் நிரம்பிவிட்டால் அட்டை நின்றுவிடுவதில்லை. மிஞ்சியவற்றைக் கணினியின் பொது நினைவகத்தில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது தாய்ப்பலகையின் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாதை வழியே எடுத்துவருகிறது. 5060 டி.ஐ. தன் சொந்த நினைவகத்திலிருந்து நொடிக்கு 448 ஜிகாபைட் வேகத்தில் படிக்கிறது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாதை பல தடங்களைக் கொண்டது. இந்த அட்டை அவற்றில் எட்டுத் தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. மூன்றாம் தலைமுறைப் பாதை கொண்ட பழைய தாய்ப்பலகையில் அந்த எட்டுத் தடங்கள் கடத்தக்கூடியது நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிகாபைட்தான். அடுப்படி அலமாரியில் கைக்கெட்ட வேண்டிய மிளகாய்த்தூளுக்காகத் தெருக்கோடிக் கடைக்கு ஓட நேர்வதைப் போன்ற நிலை இது. இதன் விளைவு விளையாட்டு சீராக மெதுவாவது அன்று. ஓடிக்கொண்டிருக்கும் காட்சி திடீரென்று உறைந்து மீள்வது. சில விளையாட்டுகள் உறையாமல் ஓடுவதற்காகப் பரப்புகளின் படங்களை மங்கலாக்கிவிடுகின்றன. அப்போது அளக்கும் மென்பொருள் காட்டும் பிரேம் எண்ணிக்கை குறையாது, சுவர்கள்தாம் மெழுகு பூசியவை போலத் தெரியும். சராசரி பிரேம் எண்ணிக்கையை மட்டும் காட்டும் ஒப்பீடுகள் இந்த இரு குறைகளையும் மறைத்துவிடுவதால், மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கு பிரேம்களின் வேகத்தையும் சேர்த்துத் தரும் ஒப்பீடுகளையே நம்ப வேண்டும்.

பழைய தாய்ப்பலகை உடையவர்கள் கவனிக்கவேண்டிய வேறுபாடு ஒன்று இங்கே இருக்கிறது. 9060 எக்ஸ்.டி. பதினாறு தடங்களையும் பயன்படுத்துகிறது. 4060, 5060, 5060 டி.ஐ., பி580, ஆர்.எக்ஸ். 7600 ஆகியவை எட்டு மட்டுமே. நினைவகம் நிரம்பாதவரை நான்காம் தலைமுறைப் பாதையில் இது பொருட்டில்லை. மூன்றாம் தலைமுறைப் பாதையில் நினைவகம் நிரம்பாதவரை இழப்பு சிறிதே. 8 ஜிகாபைட் அட்டையில் அது நிரம்பத் தொடங்கினால் இழப்பு பெரிதாகிறது. நான்கே தடங்களும் 4 ஜிகாபைட்டும் கொண்டு 2022 ஜனவரியில் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. பழைய பலகைகளில் எவ்வளவு பின்தங்கியது என்பதை அக்காலச் சோதனைகள் தெளிவாகவே காட்டின.

ஒரே பெயரில் வேறு வேறு பொருளை விற்பது புதிய வழக்கம் அன்று. 1060 அட்டையே 6, 3 ஜிகாபைட் என இரு வடிவங்களில் வந்தது. 3 ஜிகாபைட் வடிவத்தில் நினைவகத்தோடு கணக்கிடும் அலகுகளும் 1280இலிருந்து 1152 ஆகக் குறைக்கப்பட்டிருந்தன, பெட்டியின் மேல் பெயரோ ஒன்றே. ஆர்.டி.எக்ஸ். 3060இன் 8 ஜிகாபைட் வடிவம் 2022இல் வந்தபோது, பாதை 192 பிட்டிலிருந்து 128 ஆகச் சுருங்கி, நினைவக வேகமும் நொடிக்கு 360 ஜிகாபைட்டிலிருந்து 240 ஆகக் குறைந்தது. ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 580இல் 2304 அலகுகள் உண்டு. 2048 அலகுகள் மட்டும் கொண்ட மற்றொரு வடிவமும் 2018 முதல் புழக்கத்தில் இருக்கிறது, அதுவும் 580 என்ற பெயரிலேயே. 2025இன் புதிய இரட்டை வடிவங்களில் அலகுகளின் எண்ணிக்கை மாறவில்லை என்பது உண்மை. ஆயினும் 5060 டி.ஐ. வெளியான நாளில் வந்த மதிப்பாய்வுகள் பெரும்பாலும் 16 ஜிகாபைட் வடிவத்தைப் பற்றியவை. அவற்றைப் படித்துவிட்டுக் கடையில் குறைந்த விலைச் சீட்டைக் கண்டு 8 ஜிகாபைட் பெட்டியை எடுத்துச் செல்பவர், தாம் படித்த பொருளை வாங்கவில்லை. மாதச் சம்பளத்தில் சேமித்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை அட்டை வாங்கும் மக்களிடம் இப்படிப் பெயரிட்டு விற்பது நேர்மைக்குப் பொருந்தாத செயல். வேறு எண் கொடுப்பதற்கு அந்நிறுவனங்களுக்கு எந்தச் செலவும் இல்லை.

நினைவகத்தின் அளவைப் போலவே அதன் வேகமும் பெயரில் தெரிவதில்லை. 2020 டிசம்பரில் வந்த 3060 டி.ஐ. நொடிக்கு 448 ஜிகாபைட் படித்தது; அதன் வாரிசாக 2023 மே மாதத்தில் வந்த 4060 டி.ஐ. 288தான் படித்தது. செயலிக்குள்ளேயே இருக்கும் கேஷ் எனும் சிறு சேமிப்பை 4 மெகாபைட்டிலிருந்து 32 ஆக உயர்த்தியதால், 1080பியில் இந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. திரை பெரிதாகப் பெரிதாக அந்தச் சேமிப்பு போதாமல், புதிய அட்டையின் முன்னிலை சுருங்கியது. சில விளையாட்டுகளில் அது பழையதைவிடப் பின்தங்கவும் செய்தது. தலைமுறை எண் கூடியிருப்பது மட்டுமே முன்னேற்றத்துக்குச் சான்றாகாது.

விளம்பரங்களில் காணப்படும் பெரிய எண்களுக்குப் பின்னால் இரண்டு நுட்பங்கள் இருக்கின்றன. முதலாவது, படத்தைக் குறைந்த புள்ளிகளில் வரைந்து, கணிப்பு முறையால் பெரிதாக்குவது. என்விடியா இதை டி.எல்.எஸ்.எஸ். என்றும், ஏ.எம்.டி. எஃப்.எஸ்.ஆர். என்றும், இண்டெல் எக்ஸ்.இ.எஸ்.எஸ். என்றும் அழைக்கின்றன. 1440பி திரையில் இதன் ‘குவாலிட்டி’ அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், அட்டை உண்மையில் வரைவது ஏறத்தாழ 1707×960 புள்ளிகளைத்தான். 2018இல் அறிமுகமானபோது மங்கலாக இருந்த டி.எல்.எஸ்.எஸ்., 2020இலும் 2025இலும் அடைந்த மேம்பாடுகளுக்குப் பிறகு உண்மையாகவே பயனுள்ளதாகிவிட்டது. 2025இல் வந்த எஃப்.எஸ்.ஆர். 4 அதற்கு நெருங்கிவந்திருக்கிறது, ஆனால் ஏ.எம்.டி. அதை அதிகாரப்பூர்வமாக அறிமுகப்படுத்தியது ஆர்.எக்ஸ். 9000 வரிசைக்கே. இரண்டாவது நுட்பம், வரைந்த இரு பிரேம்களுக்கு நடுவே வரையாத பிரேம்களைக் கணித்துச் செருகுவது. இது காட்சியை வழுவழுப்பாக்குகிறதே தவிர, பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் விளைவு தெரிவதற்கும் இடையிலான காலத்தைக் குறைப்பதில்லை, சிறிது கூட்டவே செய்கிறது. மேலும் இது தனக்கென்று நினைவகமும் கேட்கிறது; ஆகவே 8 ஜிகாபைட் அட்டையில் எங்கே உதவி தேவையோ அங்கேயே இது தடுமாறுகிறது. 2025 ஜனவரியில் 549 டாலர் ஆர்.டி.எக்ஸ். 5070, முந்தைய தலைமுறையின் உச்ச அட்டையான 4090இன் திறனைத் தரும் என்று என்விடியா மேடையில் அறிவித்தது, ஒவ்வொரு வரைந்த பிரேமுக்கும் மூன்று கணித்த பிரேம்களைச் சேர்த்து எண்ணிய கணக்கு. முதல் நுட்பத்தை அட்டையின் தகுதிகளுள் ஒன்றாகவே கொள்ளலாம். இரண்டாவதை ஒப்பீட்டில் சேர்க்கவே கூடாது.

அட்டையை மாற்றியும் பயன் இல்லாமல் போகும் கணினிகளும் உண்டு. ஒவ்வொரு பிரேமிலும் எதிரிகளின் நகர்வு, பொருள்கள் மோதும் விதம், அட்டைக்கு இடவேண்டிய கட்டளைகள் ஆகியவற்றைக் கணக்கிடுவது கணினியின் மையச் செயலி. அது நொடிக்கு 70 பிரேமுக்கான வேலையைத்தான் முடிக்கும் என்றால், எவ்வளவு வலிமையான அட்டையும் 70ஐத் தாண்டாது. இதை அறியும் வழி எளியது. விளையாட்டின் அமைப்பில் புள்ளிகளின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்துப் பார்க்க வேண்டும். பிரேம் எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறினால் தடை பழைய அட்டையில் இருக்கிறது, ஏறாமல் நின்றால் மையச் செயலியில் இருக்கிறது. ‘வேலரண்ட்’, ‘கவுண்டர்-ஸ்ட்ரைக் 2’ போன்ற போட்டி விளையாட்டுகளை மட்டும் ஆடுபவர்களுக்குப் பெரும்பாலும் தடை செயலியாகவே இருக்கும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 வகைத் தாய்ப்பலகை உடையவர்கள், பலகையை மாற்றாமலேயே ரைசன் 5000 வரிசைச் செயலிக்கு மாறிக்கொள்ளப் பெரும்பாலும் வழியுண்டு. அதற்கு முன்பாகப் பலகையின் பயாஸ் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். பி580 வாங்க நினைப்பவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம். அதன் டிரைவர் மையச் செயலியிடம் மிகுதியான வேலை வாங்குகிறது என்பது 2025 தொடக்கத்தில் நடந்த சோதனைகளில் தெரியவந்தது. புதிய செயலியோடு 4060ஐ முந்தும் அந்த அட்டை, பழைய செயலியோடு அதற்குப் பின்னால் போய்விடுகிறது. குறைந்த விலைக்கு 12 ஜிகாபைட் தருகிறதே என்று பழைய கணினிக்காக அதை வாங்குவோர்தாம் மிகுதியாக ஏமாற்றம் அடைவர் என்பது வருத்தத்துக்குரியது.

மின்வழங்கியைப் பற்றிய கவனக்குறைவு பணத்தோடு நிற்பதில்லை, ஆபத்தும் தரும். கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்று கேட்கப்படும் இந்தப் பெட்டிதான் வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றவாறு மாற்றித் தருகிறது. தாய்ப்பலகையின் செருகுவாய் வழியே அட்டை பெறக்கூடியது அதிகபட்சம் 75 வாட். அதனால்தான் 1650 அட்டைகள் பலவற்றுக்குத் தனி மின்கம்பி தேவைப்படவில்லை. 4060இன் தேவை 115 வாட், 5060இன் தேவை 145, 9060 எக்ஸ்.டி. 16 ஜிகாபைட்டின் தேவை 160, 5060 டி.ஐ.யின் தேவை 180, பி580இன் தேவை 190. இவை எல்லாவற்றுக்கும் 150 வாட் தாங்கும் எட்டு முள் இணைப்போ அதற்கு ஈடானதோ வேண்டும். அந்த இணைப்பு இல்லாத மலிவான மின்வழங்கியில், வன்தட்டுக்கான சாட்டா கம்பியிலிருந்து மாற்றுக் கம்பி போட்டுத் தரும் பழக்கம் சில இடங்களில் உண்டு. சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் தாங்கக்கூடியது 54 வாட் மட்டுமே. அதன் வழியே 150 வாட் இழுத்தால் இணைப்பு உருகும், தீப்பற்றவும் கூடும். பெட்டியின் மேலுள்ள 80 பிளஸ் முத்திரை, மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றித் தருகிறது என்பதை மட்டுமே அளக்கிறது. பாதுகாப்பு, உள்ளுறுப்புகளின் தரம் ஆகியவற்றுக்கு அது சான்று அன்று. பெயர் பெற்ற நிறுவனத்தின் 550 அல்லது 600 வாட் மின்வழங்கி இங்கே பேசப்படும் நடுத்தர விலை அட்டைகள் எல்லாவற்றுக்கும் போதும். பழையது ஏழெட்டு ஆண்டு உழைத்துவிட்டது என்றால், அட்டைக்கான தொகையிலிருந்து ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கிவிட வேண்டும். அட்டையின் நீளம் பெட்டிக்குள் அடங்குமா என்று அளவுகோல் கொண்டு பார்த்துவிடுவதும் நல்லது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஐந்தாறு ஆண்டுப் பழைய கணினியை 1080பி அல்லது 1440பி திரையோடு வைத்திருப்பவருக்கு முதலில் பரிந்துரைக்கத் தக்கது 9060 எக்ஸ்.டி.யின் 16 ஜிகாபைட் வடிவம். நினைவகம் போதுமானது, பதினாறு தடங்களும் உண்டு, மின்தேவை மிதமானது. ரே டிரேசிங்கை விரும்பி ஆடுபவர்களும், பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளிலோ காணொளித் தொகுப்பிலோ வேலை செய்பவர்களும் கூடுதல் விலை கொடுத்து 5060 டி.ஐ.யின் 16 ஜிகாபைட் வடிவத்தை வாங்கலாம். அத்தகைய மென்பொருள்கள் பலவற்றில் என்விடியாவுக்கான ஆதரவு இன்னும் முன்னே நிற்கிறது. புதிய மையச் செயலியும் குறைந்த கையிருப்பும் உடையவருக்கு பி580 தகும். 8 ஜிகாபைட் அட்டை, போட்டி விளையாட்டுகளைத் தவிர வேறெதுவும் ஆடாதவருக்கு, அதுவும் விலை நன்றாகக் குறைந்தால் மட்டுமே பொருந்தும். இரு வடிவங்களுக்கும் இடையிலுள்ள 50 டாலர் அறிமுக விலை வேறுபாடு, அட்டையின் பயன்காலத்தில் இரண்டு ஆண்டுகளையாவது கூட்டும் என்று எதிர்பார்க்கலாம்.

இந்திய விலை இந்த டாலர் கணக்கை அப்படியே பின்பற்றுவதில்லை. அமெரிக்க விலையில் விற்பனை வரி சேர்வதில்லை. இங்கே 18 விழுக்காடு சரக்கு, சேவை வரியும் இறக்குமதியாளர், விநியோகஸ்தர் பங்குகளும் சேர்கின்றன. 2025இன் இறுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை உயர்ந்ததும் இதனோடு சேர்ந்துகொண்டது. ஆகவே வாங்கும் வாரத்தில் சென்னை ரிச்சி தெருவின் கடைகளிலும் இணையக் கடைகளிலும் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒப்பிடும்போது, அட்டைக்கு உத்தரவாதச் சேவை தரும் மையம் எந்த ஊரில் இருக்கிறது, பழுதான அட்டையை அனுப்பும் செலவு யாருடையது என்பவற்றையும் கேட்டு, முறையான ரசீதும் பெற வேண்டும்.

பழைய அட்டை வாங்குவோர், எதீரியம் எனும் மின்னணு நாணயத்தை ஈட்டுவதற்காக இரவும் பகலும் கணக்கிட்டு ஓய்ந்த அட்டைகள், 2022 செப்டம்பரில் அவ்வாறு கணக்கிட்டு ஈட்டும் முறை கைவிடப்பட்ட பின் சந்தையில் குவிந்ததை நினைவில் கொள்ள வேண்டும். அவ்வாறு உழைத்த அட்டை எல்லாம் கெட்டது என்று சொல்ல முடியாது. விசிறியும் வெப்பத்தைக் கடத்தும் பசையும்தாம் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து போலி. மிகப் பழைய அட்டையின் பயாஸைத் திருத்தி, புதிய அட்டையின் பெயரைக் காட்டும்படி செய்து விற்பதுண்டு. ஜி.பி.யூ.-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 முதல் இத்தகைய போலிகளில் பலவற்றை அடையாளம் காட்டுகிறது. விற்பவர் முன்னிலையிலேயே அதை இயக்கி அலகுகளின் எண்ணிக்கையையும் நினைவக அளவையும் சரிபார்த்து, கடினமான விளையாட்டு ஒன்றை அரை மணி நேரமாவது ஓடவிட்டுத் திரையில் புள்ளிகளோ கோடுகளோ சிதறுகின்றனவா என்று பார்த்த பின்பே பணம் தர வேண்டும்.

புதிய அட்டையைப் பொருத்திய பின் செய்யவேண்டியவை சிலவே என்றாலும், அவற்றைச் செய்யாமல் விட்டுவிட்டு அட்டையைக் குறை சொல்பவர்கள் பலர். திரையின் கம்பி தாய்ப்பலகையில் அன்றி அட்டையில் செருகப்பட்டிருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் அட்டையிலிருந்து மற்றொன்றின் அட்டைக்கு மாறியிருந்தால் பழைய டிரைவரை முழுவதுமாக நீக்க வேண்டும். விண்டோஸ் அமைப்பில் திரையின் புதுப்பிப்பு வேகம் 60ஆகவே நின்றுவிட்டதா என்று பார்த்து, 144ஓ 165ஓ அதன் முழு அளவுக்கு மாற்ற வேண்டும். பயாஸில் ரீசைசபிள் பார் என்ற அமைப்பைத் திறக்க வேண்டும். அட்டையின் நினைவகத்தை 256 மெகாபைட் துண்டுகளாக அன்றி முழுவதுமாக மையச் செயலி அணுகுவதற்கு அது வழிசெய்கிறது. இண்டெல் அட்டைகளுக்கு இது இன்றியமையாதது. பழைய முறையில் விண்டோஸ் நிறுவப்பட்ட கணினிகளில் இந்த அமைப்பு திறக்காது. வன்தட்டின் பிரிவு முறையை ஜி.பி.டி.க்கு மாற்றிய பிறகே திறக்கும். அதற்கான கருவி விண்டோஸிலேயே இருக்கிறது, ஆனால் கோப்புகளை வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்துக்கொண்ட பின்பே அதைத் தொட வேண்டும். இவை அனைத்தையும் கடை திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடிவதற்குள் செய்து, அட்டையின் வெப்பநிலையையும் இரைச்சலையும் சில நாள்கள் கவனித்துவிட்டால், குறையுள்ள அட்டையை உத்தரவாதச் சேவைக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திராமல் கடையிலேயே மாற்றிக்கொள்ள முடியும்.